பேக்பைப் கூடத்துக்குள் வந்த கதை

ஸ்காட்லாந்தின் சிற்றூர்களில் குளிர்கால மாலையில் ஊர்க் கூடத்தில் விளக்கு எரிகிறதென்றால், உள்ளே பாட்டோ ஆட்டமோ இருக்க வாய்ப்பு அதிகம். மரத் தரை, பூசிய சுவர், அடுக்கி வைத்திருந்ததை இறக்கிப் போட்ட நாற்காலிகள், ஓரத்தில் தேநீரும் வீட்டில் சுட்ட கேக்கும். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். ஒருவர் ஃபிடில் வாசிப்பார் (வயலினுக்கு அங்கே அதுதான் பெயர்), ஒருவர் அக்கார்டியன், ஒருவர் பாடுவார். மைக் வேண்டியதில்லை.

சரி, ஸ்காட்லாந்து என்றதுமே நினைவுக்கு வரும் பேக்பைப்பை இந்தக் கூட்டத்தில் எங்கே உட்கார வைப்பது?

ராணுவ அணிவகுப்புகளில் நாம் பார்க்கும் ஹைலேண்ட் பேக்பைப் திறந்தவெளி வாத்தியம். அருகில் நின்றால் ஓசை 100 டெசிபெலைத் தாண்டும். கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள் என்று கேட்கவும் முடியாது. வாசிப்பவர் ஊதும் காற்று முதலில் அக்குளில் இடுக்கிய பையில் சேர்கிறது. கையின் அழுத்தத்தில் அங்கிருந்து, அதிர்ந்து ஒலி எழுப்பும் சீவாளிகளுக்குப் போகிறது. அழுத்தம் சற்று இறங்கினால் சுரம் சரியும். இன்னும் இறங்கினால் சீவாளி நின்றே போகும். அதனால் அழுத்தத்தை ஒரே அளவில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓசையும் அப்படியே ஒரே அளவில் நிற்கும்.

அவ்வளவு ஓசை வருவதற்குக் காரணம் குழலின் உள்வடிவம். விரல் துளைகள் உள்ள குழலுக்குச் சாண்டர் என்று பெயர். ஹைலேண்ட் சாண்டரின் உட்புறம் மேலே குறுகி, கீழே போகப் போக விரியும் கூம்பு. நாகஸ்வரத்தின் உட்புறமும் இப்படித்தான். கூம்புக் குழல் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4, 5 மடங்குகளையும் சேர்த்தே எழுப்பும். அவற்றில் பல, நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கிற 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் விழுகின்றன. பள்ளத்தாக்கின் எதிர்க்கரைக்குக் கேட்க வேண்டுமானால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பத்து மீட்டர் நீளமுள்ள கூடத்தில் பக்கத்து ஃபிடில் காணாமல் போய்விடும்.

ஸ்மால்பைப்ஸ் என்ற சிறிய பேக்பைப்பில் சாண்டரின் உட்புறம் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், உருளை வடிவம். பள்ளி இயற்பியலில் வந்த, ஒரு முனை மூடிய ஆர்கன் குழாய் நினைவிருக்கிறதா? அதே கணக்குதான். சீவாளி இருக்கும் முனை மூடிய முனையைப் போல நடந்துகொள்ளும். இப்படிப்பட்ட உருளைக் குழல், அதே நீளமுள்ள கூம்புக் குழலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். 3, 5, 7 என்று ஒற்றைப்படை மடங்குகளே அதில் வலுவாக எழும். ஹைலேண்ட் சாண்டரின் ஆதார சுரம் இன்று 475 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது. ‘ஏ’ சுருதி ஸ்மால்பைப்ஸில் அது 220. குழல் ஒடுக்கம், சீவாளி மென்மை, தேவைப்படும் அழுத்தமும் குறைவு. ஃபிடிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம், இரண்டும் கேட்கும்.

காற்றுக்கு வாயும் வேண்டாம். முழங்கைக்குக் கீழே கட்டிய துருத்தி அறைக் காற்றை இழுத்துப் பைக்குள் தள்ளும். மூச்சின் ஈரம் படாததால் சீவாளி காய்ந்தே இருக்கும், நிலையாக ஒலிக்கும். தெற்கே தாழ்நிலப் பகுதியில் துருத்தி வைத்த பேக்பைப்புகள் ஒரு காலத்தில் பரவலாக இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அவை கிட்டத்தட்ட வழக்கொழிந்தன. ஹைலேண்ட் பேக்பைப்பை ராணுவம் காப்பாற்றியது, இவற்றைக் காப்பாற்ற யாரும் இல்லை. 1980-களில்தான் வடகிழக்கு இங்கிலாந்தின் காலின் ராஸ், ஸ்காட்லாந்தின் ஹேமிஷ் மூர் போன்ற வாத்தியம் செய்பவர்கள் ஸ்மால்பைப்ஸைத் திரும்ப எழுப்பினார்கள். விரல் பிடிப்பை ஹைலேண்ட் முறையிலேயே வைத்தது எனக்கு மிகப் பெரிய செயலாகப் படுகிறது. ராணுவ முறையில் பழகிய ஒருவர் விரல் பழக்கத்தை மாற்றாமல் ஊர்க் கூடத்துக்கு வந்து வாசிக்க வழி பிறந்தது அதனால்தான்.

இனி கூடத்தைப் பார்ப்போம். பேக்பைப்பில் காற்று அறுபடாமல் ஓடுவதால் இரண்டு சுரங்களுக்கு நடுவே மௌனமே கிடையாது. ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால்? நடுவில் ஒரு விரலைக் கண நேரம் தூக்கி, வேறொரு சுரத்தால் வெட்ட வேண்டும். கிரேஸ் நோட் என்கிற இந்த வெட்டு ஒரு விநாடியில் நூறில் சில பங்குதான் நீடிக்கும். தாளம், அழுத்தம், உணர்ச்சி எல்லாம் பேக்பைப்பில் இந்த வெட்டுகளில்தான் இருக்கின்றன. எதிர்முழக்கம், அதாவது ஓசை நின்ற பிறகும் சுவர்களில் பட்டுப் பட்டு ஒலித்து அடங்குவது, நீளமான அறையில் முந்தைய சுரத்தின் எச்சம் அவற்றை மூடிவிடும்.

அறையின் எதிர்முழக்கத்தைக் கணக்கிடும் வழியைக் கண்டுபிடித்தவர் இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை அவரிடம் வந்தது. இரவு நேரங்களில் மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். திறந்த ஜன்னலில் படும் ஒலி திரும்பி வராது அல்லவா? அதையே அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

அவர் வாய்பாட்டை நம் கூடத்தில் போட்டுப் பார்க்கலாம். நீளம் 10, அகலம் 7, உயரம் 4 மீட்டர். கொள்ளளவு 280 கன மீட்டர். காலியாக இருக்கும்போது சுவரும் தரையும் கூரையும் சேர்ந்து ஒலியை உறிஞ்சுவது ஏறக்குறைய 15 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். எதிர்முழக்க நேரம் 0.161 × 280 ÷ 15 (0.161 வாய்பாட்டின் மாறிலி), அதாவது 3 விநாடி. கிரேஸ் நோட்டுக்கு இங்கே இடமில்லை. இப்போது கோட்டும் கம்பளிச் சட்டையுமாக 50 பேர் வந்து உட்காரட்டும். ஒருவர் அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஜன்னலுக்குச் சமம். எல்லாரும் சேர்ந்து 22. மொத்தம் 37 ஆகிறது, நேரம் 1.2 விநாடிக்கு இறங்குகிறது. வெட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். கேட்க வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாலேயே வாசிப்புக்கு உதவுகிறார்கள் என்பது, இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தபோது என்னை வெகுவாக மகிழ்வித்தது.

அளவு சிறியதாக இருப்பதிலும் ஒரு லாபம் உண்டு. நேரடி ஒலிக்குப் பின் 50 மில்லி விநாடிக்குள் வந்து சேரும் எதிரொலியை நம் காது தனியாகப் பிரிப்பதில்லை. முதல் ஒலியோடு சேர்த்து அதை வலுவாக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஒலி 17 மீட்டர் போகும். ஏழு மீட்டர் அகலக் கூடத்தில் பக்கச் சுவர்களின் முதல் எதிரொலிகள் அதற்குள் வந்துவிடும். கடைசி வரிசைக்கு மைக் தேவைப்படாததற்கு இது முக்கியமான காரணம்.

ஆனால் அதே 50 பேர் அறையைச் சூடாக்கவும் செய்கிறார்கள். ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். 12 டிகிரியில் தொடங்கிய கூடம் 22 டிகிரிக்கு வந்தால், 220 ஹெர்ட்ஸில் நின்ற குழல் 224-க்கு ஏறிவிடும். ஃபிடிலின் தந்திகளோ சூட்டில் சற்றுத் தளர்ந்து கீழே இறங்கும். இரண்டும் சேர்ந்து வாசித்தால் விநாடிக்கு நான்குக்கும் மேல் விம்மல்கள், ஒலி ஏறி இறங்கி நடுங்குவது எல்லார் காதுக்கும் தெரியும்.

பேக்பைப்பில் இந்தப் பிசகை மறைக்கவும் வழியில்லை. சாண்டரோடு இன்னும் மூன்று நீண்ட குழல்கள் உண்டு, ட்ரோன்கள். பாட்டு முடியும்வரை அவை சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சாண்டரின் ஒவ்வொரு சுரமும் அந்தச் சுருதியோடு உரசிப் பார்க்கப்படுகிறது. அக்கார்டியன் சேர்ந்தால் இன்னொரு சிக்கல். 110 ஹெர்ட்ஸில் ஒரு ட்ரோன் ஒலிக்கும்போது, அதனோடு இழையும் காந்தாரம் 275. அக்கார்டியனில் பன்னிரண்டு சுரங்களும் சம இடைவெளியில் பிரிக்கப்பட்டிருப்பதால் அதன் காந்தாரம் 277-ஐத் தாண்டும். உலோக நாக்குகளை மேடையில் மாற்ற முடியாது. அதனால் சில பாட்டுகளில் அக்கார்டியன்காரர் அந்தச் சுரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சேர்ந்திசை கொடுக்கலாம். பேக்பைப் வாசிப்பவர் ஒரு ட்ரோனை அடைத்தும் வைக்கலாம்.

தேநீர் இடைவேளையில் கதவைத் திறப்பார்கள். குளிர்காற்று உள்ளே வரும், துருத்தி அதைத்தான் இழுக்கும், சுருதி மறுபடி இறங்கும். நூல் சுற்றிய இணைப்பில் ட்ரோனை வாசிப்பவர் மெல்ல உள்ளே தள்ளுவார், நீளம் குறையக் குறைய சுரம் ஏறும். விம்மல் நான்காகி, இரண்டாகி, ஒன்றாகி நின்றதும் அடுத்த பாட்டின் பெயரைச் சொல்வார்.