‘எண்டியன்’ – சொல்லும் பொருளும்

கணினியின் சேமிப்பு அலகான பைட்டு ஒன்றில் 0 முதல் 255 வரையிலான எண்ணே அடங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பைட்டுகளில் அடங்கும் எண்ணைச் சேமிக்கும்போது எந்தப் பைட்டு முன்னே நிற்க வேண்டும் என்பதைக் குறிப்பதே ‘எண்டியன்’ என்னும் சொல். 300 என்ற எண்ணுக்கு 1, 44 என்று இரண்டு பைட்டுகள் தேவை. 256-இன் மடங்கைச் சொல்லும் 1 முதலில் வந்தால் அது பிக் எண்டியன், மீதியைச் சொல்லும் 44 முதலில் வந்தால் அது லிட்டில் எண்டியன். வரிசையை மாற்றிப் படித்துவிட்டால் 300 என்பது 11265 ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

சொல்லின் பிறப்பிடம் கணினி அன்று. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ நூலில், அவித்த முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சிறிய முனையில் உடைப்பதா என்று லில்லிபுட் தீவினர் கலகம் செய்து மடிகிறார்கள். பெரிய முனைக் கட்சிக்காரர்களுக்கு அங்கே ‘பிக் எண்டியன்’ என்று பெயர். பைட்டு வரிசை பற்றிய பொறியாளர்களின் சண்டையும் இதே தரத்தது என்று கருதிய கணினி அறிஞர் டேனி கோஹன், 1980 ஏப்ரல் 1 அன்று எழுதிய குறிப்பொன்றில் அந்தப் பெயரை இதற்குச் சூட்டினார். முட்டாள்கள் தினத்தில் வந்த பெயர் நிலைத்துவிட்டது, சண்டைதான் தீரவில்லை. இன்டெலின் எக்ஸ்86 செயலிகள் சிறிய முனையையும், இணைய நெறிமுறைகள் பெரிய முனையையும் முன்னே வைக்கின்றன.

ஒரு கோப்பு எந்த வரிசையில் எழுதப்பட்டது என்பது பல வேளைகளில் அதைத் திறந்த பிறகுதான் தெரியவரும். டிஃப் படக்கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் ‘ஐஐ’ (II) என்ற ஆங்கில எழுத்துகளாக இருந்தால் சிறிய முனை முதல். ‘எம்எம்’ (MM) என்று இருந்தால் பெரிய முனை முதல். முன்னது இன்டெலையும் பின்னது மற்றொரு செயலி நிறுவனமான மோட்டோரோலாவையும் குறிக்கும். இரண்டும் இரட்டை எழுத்துகளாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்: எந்தத் திசையில் படித்தாலும் அவை மாறுவதில்லை. அடுத்து 42 என்ற அடையாள எண் இருக்கும். அது 42 என்றே கிடைத்தால் தேர்ந்த வரிசை சரி. 10752 என்று கிடைத்தால் தவறு. ஜேபெக் படத்தில் நிலைமை இன்னும் சுவையானது. அதன் பகுதிகளின் நீளங்கள் எப்போதும் பெரிய முனை முதலாகவே எழுதப்படும். ஆனால் உள்ளே இருக்கும் எக்ஸிஃப் தகவல் (கேமரா, படமெடுத்த நேரம் போன்ற விவரங்கள்) டிஃப் கோப்பின் தொடக்கப் பகுதியையே கொண்டிருப்பதால், ஒரே கோப்பின் நடுவில் வரிசை மாறக்கூடும்.

ஆகவே வரிசையை நிரலில் நிலையாக எழுதிவிடாமல், ஓடும்போதே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பைட்டுகளைப் படிக்க நிரல் மொழிகள் தரும் ஆயத்தக் கருவிகளுள், ஜாவாவின் டேட்டா இன்புட் ஸ்ட்ரீம் பெரிய முனையை மட்டும், மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட் நெட்டின் பைனரி ரீடர் சிறிய முனையை மட்டும் அறியும் என்பதால் இந்த வேலைக்கு அவற்றை அப்படியே பயன்படுத்த முடியாது. ஜாவாவின் இன்னொரு கருவியான பைட் பஃபரில் வரிசையை இடையிலேயே மாற்றலாம். பைத்தானில் அதை ஒரு மாறியாகவே கொடுத்துவிடலாம். நிரல் ஓடும் கணினியின் வரிசை எது என்று சோதித்துப் பைட்டுகளைப் புரட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. என் பார்வையில் அது வேண்டாத வேலை. வரிசை என்பது கோப்பின் பண்பு. முதல் பைட்டை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால், எந்தக் கணினியிலும் பெருமுனை எண்ணே கிடைக்கும்.

தமிழாக்கத்தில் தடுக்கிவிடுவது ‘எண்ட்’ என்ற பகுதி. அதை ‘இறுதி’ என்று கொண்டு ‘பேரிறுதி’ என ஆக்கினால், பெரிய பைட்டு கடைசியில் வருகிறது என்று பொருள்பட்டு நேர் எதிராகிவிடும். முட்டைக்கு இருப்பது முனை. ‘பெருமுதல்’ சுருக்கமாக இருந்தாலும் வணிகரின் மூலதனத்தை நினைவூட்டும். எனவே ‘பெருமுனை முதல்’, ‘சிறுமுனை முதல்’ என்பவற்றையே நான் பரிந்துரைப்பேன். பொதுப்பண்பைக் குறிக்கப் ‘பைட்டு வரிசை’ போதும். நிரல் ஓடும்போது அதைத் தீர்மானிப்பதை ‘இயக்கநேர வரிசைத் தேர்வு’ எனலாம்.