தக்காளி: பெயர் பழையது, பழம் புதியது

'டொமேட்டோ'வுக்குத் தூய தமிழ்ச்சொல் என்ன என்று ஒருவர் கேட்டார். தக்காளி என்றேன். "அது தமிழா? பழமே வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே, பெயரும் கூடவே வந்திருக்கும்" என்றார். பப்பாளியும் அன்னாசியும் அப்படித்தான் வந்தன. பழம் கப்பலில் வந்தது, பெயரும் அதே கப்பலில் வந்தது. ஆனால் தக்காளியின் கதை வேறு. இந்தப் பழம் கரையிறங்கியபோது, அதற்கான பெயர் இங்கே வயல் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் ஏற்கெனவே முளைத்திருந்தது.

மணத்தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புண்ணுக்குக் கீரையாகவும், வற்றல் குழம்புக்கு வற்றலாகவும் நமக்குத் தெரிந்த செடிதான். மணித்தக்காளி என்றும், மிளகுதக்காளி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். கொங்குப் பக்கம் போனால் சுக்குட்டிக் கீரை. மிளகைவிடச் சற்றே பெரிய, கறுத்துப் பளபளக்கும் மணி போன்ற பழம். நசுக்கினால் சாறும் பொடிப்பொடி விதையும்.

இன்னொன்று சொடக்குத் தக்காளி. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காகிதத்தில் செய்த குட்டி விளக்குக் கூண்டு மாதிரி ஒரு பச்சை உறை, அதற்குள் சுண்டைக்காய் அளவில் ஒரு பழம். உறையின் வாயைப் பிடித்துக்கொண்டு நெற்றியில் அடித்தால் 'டொப்' என்று வெடிக்கும். அந்தச் சத்தம்தான் சொடக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் யாருடையது பலமாக வெடிக்கிறது என்று பார்ப்போம். உறை மஞ்சளாகிக் காய்ந்து உதிர்ந்தால் பழம் பழுத்துவிட்டது என்று பொருள். புளிப்பும் இனிப்புமாக இருக்கும். காயாக இருக்கும்போது தின்னக் கூடாது என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள்.

தக்காளி என்ற சொல் இந்தச் செடிகளுக்கு உரியது. இன்று நாம் ரசத்தில் போடும் சிவப்புப் பழம் பின்னால் வந்தபோது, அதைச் 'சீமைத் தக்காளி' என்று சொன்னார்கள். நம்முடைய சான்று இந்த அடைமொழியிலேயே இருக்கிறது. சீமைத் தக்காளி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், சீமையில்லாத தக்காளி ஒன்று முன்பே இருந்திருக்க வேண்டும். சீமை ஓடு என்றால் உள்ளூர் ஓடு ஒன்று உண்டு. சீமைக் கருவேலம் என்றால் நம்முடைய கருவேலம் ஒன்று உண்டு. அதே கணக்குதான்.

சரி, பழம் எங்கிருந்து வந்தது?

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய பெரு, ஈக்வடார் பகுதிகளில் இதன் காட்டு உறவுகள் இன்றும் வளர்கின்றன. பழம் பட்டாணி அளவு, கொஞ்சம் கூடினால் கோலிக்குண்டு அளவு. அங்கிருந்து வடக்கே மெக்சிகோ சென்று, அங்கே உழவர் கையில் பெரிய பழமாகத் தேறியது. 1519இல் எர்னான் கொர்த்தேசு தலைமையில் ஸ்பானியர்கள் மெக்சிகோவுக்கு வந்து, 1521இல் அஸ்டெக் தலைநகரைப் பிடித்தபோது, அங்கத்தியச் சந்தையில் தக்காளி குவிந்து கிடந்தது. பெர்னார்தினோ தே சாகுன் என்ற பாதிரியார், அந்த மக்களின் வாழ்க்கையை அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதிவைத்தார். அதில் தக்காளி விற்பவர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. பெரியது, சிறியது, இனிப்பானது, பாம்புத் தக்காளி என்று வகைகளை அடுக்கிக்கொண்டே போகிறார். நல்ல வியாபாரியைச் சொன்ன கையோடு, அழுகியதையும் அடிபட்டதையும் தலையில் கட்டும் மோசமான வியாபாரியையும் சொல்கிறார். தின்றவருக்கு வயிற்றால் போகுமாம். ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய சந்தை என்றாலும், நாம் நேற்றுப் போய்வந்த சந்தை போலவே இருக்கிறது.

சொல்லாய்வு செய்கிறவனாக என்னை உட்கார வைத்துவிட்ட விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் 'தொமாத்ல்' என்றால் முதன்மையாக இந்தச் சிவப்புப் பழம் அல்ல. உறைக்குள் இருக்கும் பச்சைப் பழம், அதாவது நம் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய பங்காளி. சிவப்புப் பழத்துக்கு அவர்கள் முன்னொட்டுச் சேர்த்து 'ஷித்தொமாத்ல்' என்றார்கள். ஸ்பானியர்களுக்கு இந்த நுணுக்கம் பிடிபடவில்லை. இரண்டையும் சேர்த்து 'தொமாத்தே' என்றார்கள். அதுதான் ஐரோப்பா முழுக்கப் பரவி, ஆங்கிலத்தில் 'டொமேட்டோ' ஆனது. நடு மெக்சிகோவில் மட்டும் பழைய வேறுபாடு இன்றும் உயிரோடிருக்கிறது. சிவப்புப் பழம் அங்கே 'ஹித்தொமாத்தே'. வெறுமனே 'தொமாத்தே' என்று கேட்டால் உறையோடு இருக்கும் பச்சைப் பழத்தைத்தான் எடுத்துத் தருவார்கள்.

இரண்டு மொழிகள். நடுவே இரண்டு பெருங்கடல். அந்த மக்களும் நம் மக்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இருந்தும் உறைக்குள் இருக்கும் சின்னப் பழத்தின் பெயரைச் சிவப்புப் பழத்துக்கு நீட்டிக்கொடுத்த முறை ஒன்றாகவே இருக்கிறது. அவர்கள் 'ஷி' சேர்த்தார்கள், நாம் 'சீமை' சேர்த்தோம். செடியைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இலை, பூ, சாறு, விதை எல்லாம் ஒரே குடும்பம் என்று தெரிந்திருக்கிறது. பின்னால் வந்த தாவரவியலும் இவற்றையெல்லாம் கத்தரிக் குடும்பத்தில்தான் சேர்த்தது.

மற்றவர்கள் எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் நம் பெயரின் அருமை இன்னும் புரியும். இத்தாலியில் 1544இல் மத்தியோலி என்ற மருத்துவர் இந்தப் பழத்தைப் பற்றி எழுதினார். பின்னர் அங்கே 'பொமோதோரோ', தங்க ஆப்பிள், என்ற பெயர் நிலைத்தது. ஆங்கிலேயர் ஒரு காலத்தில் 'காதல் ஆப்பிள்' என்றார்கள். 1753இல் லின்னேயசு சூட்டிய அறிவியல் பெயரின் பின்பாதிக்கு 'ஓநாய்ப் பீச்சு' என்று பொருள். நச்சுச் செடிகளுக்கு உறவு என்பதால் வட ஐரோப்பாவில் இதைத் தின்ன நெடுநாள் பயந்தார்கள். வங்காளத்தில் 'பிலாத்தி பேகுன்' என்றார்கள், அதாவது சீமைக் கத்தரிக்காய். இந்தி பேசுவோர் ஆங்கிலச் சொல்லையே வளைத்து 'டமாட்டர்' ஆக்கிக்கொண்டார்கள். ஆப்பிளும் பீச்சும் இதற்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. வங்காளத்துக் கத்தரி சொந்தம்தான். தமிழில் வைத்த பெயர் குறி தவறவில்லை என்பது என் எண்ணம். மலையாளத்திலும் தக்காளிதான், சிங்களத்திலும் தக்காளிதான்.

புதுக் காய்களுக்குத் தமிழர்கள் ஒரே வழியில் பெயர் வைக்கவில்லை. மிளகின் காரம் இருந்ததால் 'மிளகாய்' ஆனது. உருண்டு இருந்தது உருளைக்கிழங்கு. பறங்கியர் கொண்டுவந்தது பறங்கிக்காய். மணிலாவின் பெயரோடு வந்த மணிலாக்கொட்டை, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டையாகக் கரைந்தது. இவற்றில் மிளகாயும் தக்காளியும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. மிளகாய் வந்த பிறகும் மிளகின் பெயரை யாரும் பறிக்கவில்லை. தக்காளியில் பெயரே கைமாறிவிட்டது. சீமை என்ற அடைமொழி மெல்லக் கழன்று விழ, வந்த பழம் வெறும் 'தக்காளி' ஆனது. பழைய செடிகளுக்கு மண, மணி, சொடக்கு என்று ஏதாவது ஒன்று சேர்த்தால்தான் இன்று புரிகிறது. வீட்டுக்காரர் பெயரில் விருந்தாளி குடியேறிவிட்டார்.

இந்தக் குடியேற்றம் முழுமையாக நடக்காத இடம் ஒன்று உண்டு. திவசச் சமையல். பல குடும்பங்களில் இன்றும் அன்றைக்குத் தக்காளி, உருளைக்கிழங்கு, கோசு, கேரட் எதுவும் அடுப்பேறாது. மிளகாய்க்குப் பதில் மிளகு. வாழைக்காய், அவரை, புடலை, பாகல், சேனை, பிரண்டைத் துவையல் என்று போகும். ஏன் பாட்டி தக்காளி கூடாது என்று கேட்டால், "அது இங்கிலீஷ் காய்" என்பார்கள். வரலாறு படிக்காத பாட்டி, எந்தக் காய் பின்னால் வந்தது என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். சந்தையிலும் நாட்டுக் காய், இங்கிலீஷ் காய் என்று பிரித்துப் பேசும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

அதே சந்தையில் 'நாட்டுத் தக்காளி' என்ற பெயரும் ஒலிக்கிறது. தோல் மெலிந்து, வரிவரியாக, கொஞ்சம் சப்பையாக, புளிப்பு தூக்கலாக இருக்கும் பழம். கெட்டியான தோலோடு நீளவாக்கில் இருப்பது ஹைப்ரிட். சென்னையில் பெங்களூர்த் தக்காளி என்பார்கள். ரசத்துக்கு நாட்டுத் தக்காளியை அடித்துக்கொள்ள ஆளில்லை. தேனிப் பக்கம் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்துதான் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் பி.கே.எம் 1 ரகத்தை உருவாக்கினார்கள். அது மானாவாரிக்கும் தாங்கும். சீமையிலிருந்து வந்த பழம் ஓர் ஊரின் பெயரில் ரகமாகும் அளவுக்கு இந்த மண்ணில் ஊறிவிட்டது. அதை 'நாட்டு' என்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

தக்காளி என்ற சொல்லையே பிரித்து, 'தக்க + ஆளி' என்று பொருள் காண ஆசை வரலாம். வேண்டாம். ஓசையை வைத்துப் பிய்த்துப் பார்ப்பது சொல்லாய்வு ஆகாது. தக்காளி, தொமாத்ல் இரண்டும் தகரத்தில் தொடங்குவதும் தற்செயல்தான்.

ஆகவே கேட்டவருக்கு விடை: புதிய சொல் எதுவும் ஆக்க வேண்டாம். தக்காளி என்றே எழுதலாம், கடையில் கேட்கிறபடி தக்காளிப்பழம் என்றும் எழுதலாம். சமையலுக்குத்தான் வாங்குகிறோம், ஆனாலும் நம் வாயில் அது பழம்தான். பழுக்காததை மட்டும் தக்காளிக்காய் என்கிறோம். சேர்த்து எழுதும்போது தக்காளிச் சாறு, தக்காளிச் சோறு, தக்காளித் தொக்கு.

சொல் வேண்டியிருப்பது வேறு இரண்டு இடங்களில். மெக்சிகோச் சமையல் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவர்கள், உறைக்குள் இருக்கும் அந்தப் பச்சைப் பழத்தை 'டொமாட்டிலோ' என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். பெரிய கடைகளில் உறையோடு விற்கும் மஞ்சள் பழத்தின் மேல் 'கோல்டன் பெர்ரி' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. இரண்டும் சொடக்குத் தக்காளியின் இனம். முதலாவதைப் பச்சைச் சொடக்குத் தக்காளி என்றும், இரண்டாவதைப் பொன் சொடக்குத் தக்காளி என்றும் எழுதிப் பார்க்கலாம். போன வாரம் அந்த மஞ்சள் பழம் ஒரு பெட்டி வாங்கினேன். உறை காய்ந்து போயிருந்தது, நெற்றியில் அடித்துப் பார்த்தும் வெடிக்கவில்லை. உள்ளே இருந்த பழத்தின் வாசனை மட்டும் வரப்பில் பறித்தது போலவே இருந்தது.