குறுக்கீடு அல்ல, சாயல்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் எம்.டி.ஐ. என்றொரு சுருக்கம் புழங்குகிறது. மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ் என்பது விரிவு; ஆங்கிலம் பேசும்போது தாய்மொழியின் ஒலி தெரிவதைச் சொல்வது. இதைத் 'தாய்மொழிக் குறுக்கீடு' என்று தமிழாக்கிவிடுகிறார்கள். இன்ஃப்ளுயன்ஸின் லத்தீன் வேருக்கு உள்ளே பாய்தல் என்று பொருள். குறுக்கீடு என்பது வேறொரு கலைச்சொல்லான இன்டர்ஃபரன்ஸ்; 1953இல் மொழியியலாளர் உரியல் வைன்ரைக் மொழித்தொடர்பு பற்றி எழுதியபோது எடுத்தாண்டது. எம்.டி.ஐ.க்குச் 'சாயல்' என்பதே பொருந்தும்.

குறுக்கே விழ, முதலில் ஒன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நம் வாயில் ஆங்கிலம் சரியாக ஓடி, பிறகா தமிழ் வந்து மறித்தது? தமிழ் ஒலியொழுங்கின் மேல்தான் ஆங்கிலமே வந்து உட்காருகிறது. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலாகாது; ராமன் இராமனானான். இதற்கு நன்னூலில் விதியே உண்டு. தனி மெய்யும் சொல்லின் முதலில் நிற்காது. ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகிறது. முன்னதற்கு வடமொழியாக்கம் (வடசொல்லைத் தமிழுக்கு ஏற்ப மாற்றுதல்) என்று மரியாதை, பின்னதற்குக் குறுக்கீடு என்று ஏச்சு!

வட ஆற்காட்டில் எந்தத் தாய்மொழி என்றும் கேட்க வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு உருதுக்காரர்களும் 'இஸ்கூல்' என்பார்கள். ஆனால் நம்மவர் 'ஜீரோ' என்கிற இடத்தில் அவர்களுக்கு ஆங்கில 'z' என்ற உரசொலி இயல்பாக வரும். சித்தூர் எல்லைப் பக்கத் தெலுங்கில் 'பஸ்ஸு' என்பது எழுத்து வழக்கே. தெலுங்குச் சாயல், உருதுச் சாயல் என்று பிரித்துச் சொல்லலாம். 'தெலுங்குக் குறுக்கீடு' என்றால் ஆற்றுநீர் வழக்கு மாதிரி இருக்கிறது.

பெயர் கெட்டால் பாடமும் கெடுகிறது. ஆங்கில எழுத்தான 'எம்'மை 'யெம்' என்பவரிடம் யகரத்தை ஒழி என்கிறார்கள். அவர் ஆண்டைக் குறிக்கும் 'யியர்' என்பதிலும் யகரத்தை விட்டுவிட, அது 'இயர்' ஆகி, ஆண்டு காதாகிவிடுகிறது. நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை இன்னும் நெருங்கினால் யகரம், அவ்வளவு நெருங்காவிட்டால் வெறும் உயிர் என்று காட்டினால் போதும்.

'தாக்கம்' கொஞ்சம் தேவலை. ஆனால் புயலுக்கும் அதுதான், வரி உயர்வுக்கும் அதுதான். 'உச்சரிப்பு' செயலின் பெயர். சாயலோ வீட்டுச் சொல்: 'அப்படியே அப்பா சாயல்' என்பதில் குறையில்லை, வந்த வழி தெரிகிறது.

பொருள் மாறும் இடத்தில் மட்டும் பிழை என்றே சொல்லலாம். 'இஸ்கூல்' சாயல். ஃபேனைப் 'பேன்' என்பது பிழை. ஆங்கிலக்காரர் வாணலியைத் தேடுவார், நம்மவர் தலையைச் சொறிவார். உதடு இரண்டையும் மூடாமல், மேற்பல்லைக் கீழுதட்டில் லேசாக வைத்துக் காற்றை உரசவிட்டால் ஃபேன் வந்துவிடும்.