ரிஜெக்‌ஷன் ஆன பிறகு மூளைக்குள் என்ன நடக்கிறது?

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. இரவு ஷிப்டில் ஓட்டிய பேட்ச் முழுக்க அளவு தப்பி ரிஜெக்‌ஷன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேள்வி கேட்கிறார். அந்த நொடியே அட்ரினலின் பாய்ந்து நெஞ்சு படபடக்கும். இன்னொரு அழுத்த ஹார்மோனான கார்டிசால் அவ்வளவு வேகமாக வராது. 20 முதல் 30 நிமிடத்தில் உச்சம் தொட்டு, இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதுவரை நெற்றிக்குப் பின்னால் இருக்கும், நிதானமாக யோசிக்கும் மூளைப் பகுதி மந்தமாக இருக்கும். இந்த நேரத்தில் ராஜினாமா மெயில் அனுப்பக் கூடாது. மெஷினில் வெட்டும் கருவியின் அளவைத் திருத்தும் எண்ணான டூல் ஆஃப்செட்டிலும் கை வைக்காதீர்கள். பதற்றத்தில் பிளஸ்ஸுக்கு மைனஸ் போட்டு அடுத்த பீஸும் கெடும்.

உடம்பு தானாக அடங்கிவிடும். நடந்ததையே மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால்தான் அடங்காமல் நீளும்.

சில நாள் கழித்து வரும் சோர்வு வேறு. 1967-ல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் நாய்களை வைத்துச் செய்த சோதனை கேட்கவே கஷ்டமானது. சில நாய்கள் தலையால் பலகையை அழுத்தினால் மின் அதிர்ச்சி நிற்கும். வேறு சிலவற்றுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எளிதில் தாண்டக்கூடிய தடுப்புள்ள பெட்டியில் விட்டபோது, முதல் வகை தாண்டித் தப்பியது. இரண்டாம் வகையில் பல முயலாமலே கிடந்தன. கையாலாகாமையை அவை கற்றுக்கொண்டன என்றார்கள். எலிகளின் மூளையை ஆராய்ந்த பின், 2016-ல் அதே இருவரும் அதைத் தலைகீழாகத் திருத்தினார்கள்: நீளும் துன்பத்தில் முடங்குவது மூளைத்தண்டின் இயல்பு. ‘நான் செய்வதால் ஏதோ மாறுகிறது’ என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுகிறது. முன்மூளையின் அடிப்பகுதி அதைக் கண்டுகொண்டதும் முடக்கத்தை அடக்குகிறது. அடுத்த துன்பத்துக்கும் அது காப்பாகிறது.

ஆகவே சோர்ந்து கிடப்பவரைச் சோம்பேறி என்று திட்டுவது தவறு. செய்தால் உடனே பலன் கண்ணுக்குத் தெரிகிற சின்ன வேலை ஒன்றுதான் அவருக்கு முதலில் வேண்டும். தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவருக்கு ஐந்தாம் பருவத்தில் பால்புழு நோய் வந்தால் மொத்த வளர்ப்பும் போய்விடலாம். பட்டுக்கூட்டின் விலையும் வெயிலும் அவர் கையில் இல்லை. செத்த புழுக்களைப் பொறுக்கிப் புதைத்து, மனையைக் கழுவி, 2 சதவீத பிளீச்சிங் பவுடரும் 0.3 சதவீத நீற்றுச் சுண்ணாம்பும் கலந்த கரைசலை அடிப்பது அவர் கையில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம். தொழிற்சாலை லைனில் நிற்பவருக்கு அது, அடுத்த ஷிப்டில் முதல் பீஸை அளந்து கையெழுத்து வாங்கிய பிறகே ஓட்டுவது.

எழுதுவதும் உதவும். வேலை இழந்த பொறியாளர்களிடம் நடத்தி 1994-ல் வெளியான ஆய்வில், 5 நாள், நாளுக்கு 20 நிமிடம் தங்கள் மனநிலையை எழுதியவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேறு வேலையில் சேர்ந்தார்கள். அவர்கள் கூடுதலாக வேலை தேடி அலையவில்லை என்பது கவனிக்க வேண்டியது. பழைய நோட்டு போதும். பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். நாலைந்து நாளுக்குப் பிறகும் அதே வரிதான் வருகிறது என்றால் நிறுத்திவிடுங்கள்.

இரவு ஷிப்ட் முடித்தவர் இதற்கெல்லாம் முன் தூங்க வேண்டும். ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டு அறையை இருட்டாக்கினால் பகலில் தூக்கம் கலையாது. தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, சாப்பாடு இறங்காமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும்.