நான்கு வயர்களும் ஆறு போல்ட்டுகளும்

டிரெய்லர் இழுப்பதற்கான ஹிட்சைப் பொருத்தக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன். பின்பக்க இரும்புக் குழலில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பெரிய ஓட்டை. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொரு சின்ன ஓட்டை. போல்ட் அந்தச் சின்ன ஓட்டை வழியாக உள்ளேயிருந்து வெளியே தலைகாட்ட வேண்டும். ஆனால் குழலுக்குள் கை போகாது. அதற்கென்றே ஹிட்சோடு ஒரு கம்பி தருகிறார்கள், நுனி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். சின்ன ஓட்டையில் கம்பியை விட்டுப் பெரிய ஓட்டை வழியாக வெளியே எடுத்து, முதலில் ஒரு சதுரத் தகட்டைக் கோத்து, பிறகு போல்ட்டின் மரையைச் சுருளில் திருகி, மெல்ல இழுக்க வேண்டும். தகடும் போல்ட்டும் குழலுக்குள் கடகடவென உருண்டு, கடைசியில் சின்ன ஓட்டையில் போல்ட் மூக்கை நீட்டும். அவசரப்பட்டால் போல்ட் உள்ளே கழன்று விழுந்துவிடும். எனக்கு ஒரு தடவை விழுந்தது. காந்தம் கட்டிய குச்சியால் அரை மணி நேரம் துழாவினேன்.

டொரொண்டோவில் கோடை பிறந்தால் வீட்டு முற்றங்களில் இந்த வேலை நடப்பதை அங்கங்கே பார்க்கலாம். சின்ன எஸ்யூவி வைத்திருப்பவர்கள் மண், கல், பழைய சோபா ஏற்ற ஒரு குட்டி டிரெய்லர் வாங்குவார்கள். அதை மாட்டக் காரின் பின்னடியில் போல்ட் போட்டுப் பொருத்தும் இரும்புச் சட்டம், அதாவது ஹிட்ச் வேண்டும், டிரெய்லரின் பின்விளக்கு எரிய வயரிங் வேண்டும். ஹிட்ச் என்றதும் எல்லாரும் இழுவையைத்தான் நினைக்கிறார்கள். சமதளத்தில் சீரான வேகத்தில் 680 கிலோ டிரெய்லரின் சக்கரங்களை உருட்ட ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். மேடு, காற்று, பிரேக் வந்தால் அது கூடும். ஆனாலும் என் அனுபவத்தில் இடர் தருவது இழுவையல்ல. டிரெய்லர் காரின் மேல் கீழ்நோக்கி எவ்வளவு அமுக்குகிறது என்பதும், விளக்குக்குப் போன மின்சாரம் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்பதும்தான்.

முதலில் போல்ட்டுகளைப் பார்ப்போம். பழைய ஜீப்பிலும் லாரியிலும் கனத்த சேசிஸ் தனியாக இருக்கும், அதன் மேல் உடல் உட்காரும். சின்ன எஸ்யூவியில் அப்படி இல்லை. உடலும் சட்டமும் ஒரே கூடு. பின்தரைக்கு அடியில் இரு பக்கமும் ஓடும் குழல்கள்கூடத் தகட்டை மடித்து ஒட்டவைத்தவைதான். அதனால்தான் போல்ட்டோடு அந்தச் சதுரத் தகடு உள்ளே போகிறது. அது இல்லாவிட்டால் போல்ட்டின் தலை மெல்லிய சுவரைக் குழித்துவிடும். தகடு இருந்தால் அழுத்தம் அகலமாகப் பரவும். சில கார்களில் தொழிற்சாலையிலேயே நட்டுகளை உள்ளே பற்றவைத்து விட்டிருப்பார்கள். அங்கே வேலை சுலபம். ஆனால் மரைக்குள் மெழுகும் துருவும் அடைத்திருக்கும், கம்பி பிரஷ்ஷால் துடைத்துவிட்டுக் கையால் திருக வேண்டும். கையால் சுழலாத போல்ட்டை ஸ்பேனரால் வற்புறுத்தினால் மரை நாசம்.

போல்ட் ஒரு ஆணி என்றும், அதில் ஹிட்ச் தொங்குகிறது என்றும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் போல்ட் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது, பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்தத் தவிப்புதான் ஹிட்சையும் குழலையும் சேர்த்து நெரிக்கிறது. ஹிட்சைப் பிடித்து வைத்திருப்பது அந்த நெரிசலில் பிறக்கும் உராய்வு. கணக்கு எளிது: இறுக்கும் திருகுவிசையை போல்ட்டின் விட்டத்தாலும் 0.2 என்ற எண்ணாலும் வகுத்தால் நெரிக்கும் விசை வரும். 12 மில்லிமீட்டர் போல்ட்டை 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் சுமார் 33,000 நியூட்டன், அதாவது 3.4 டன் எடைக்குச் சமம். ஒரே போல்ட்டுக்கு! ஆறு போல்ட்டுக்கு 20 டன். அதில் உராய்வாக 15 சதவீதம் கிடைத்தாலே 3 டன் வரை வழுக்காது.

அந்த 0.2 உலர்ந்த மரைக்கான எண். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு மரையில் எண்ணெய் தடவினால் அது 0.15-க்கு இறங்கும். அதே 80 நியூட்டன் மீட்டர் இப்போது 44,000 நியூட்டனாக போல்ட்டை இழுக்கும். 8.8 என்ற வலிமைத் தர போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை 49,000 பக்கம்தான். ஆகவே கையேட்டில் உலர்ந்த மரை என்றால் உலர்ந்த மரை, டார்க் ரெஞ்ச் (திருகுவிசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) என்றால் டார்க் ரெஞ்ச். "நல்லா முறுக்கிட்டேன்" என்பது அளவு ஆகாது. எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் திருகி, ஹிட்சை ஜாக்கியால் தாங்கிப் பிடித்து நேராக்கி, அதற்குப் பிறகே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும்.

மற்றதெல்லாம் பொறுமை வேலை. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் வழுக்கிக் கழலும். சைலன்சர் சற்றுக் கீழே இறங்கி ஹிட்சுக்கு இடம் விடும். சில கார்களில் பம்பரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும்.

டிரெய்லரின் மூக்கு உட்காரும் இரும்பு உருண்டையை ஹிட்சின் பின்பக்கச் சதுரக் குழலில் செருகுவார்கள். அந்தக் குழலின் உள்ளளவு 1¼ அங்குலமும் உண்டு, 2 அங்குலமும் உண்டு. 2 அங்குலம் வாங்கினால் கூடுதல் எடை இழுக்கலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வருகிறது. ஹிட்சில் 3500 பவுண்டு என்று பொறித்திருக்கலாம். ஆனால் வட அமெரிக்காவில் ஹைபிரிட் அல்லாத ஹோண்டா சிஆர்-வி இழுக்கலாம் என்று நிறுவனம் சொல்வது 1500 பவுண்டு, அதாவது 680 கிலோ. ஹிட்ச், உருண்டை, டிரெய்லர், கார் ஆகிய நான்கில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

இனி வயரிங். இங்கே குட்டி டிரெய்லர்களில் நான்கு வயர் கொண்ட தட்டைப் பிளக் இருக்கும். பழுப்பு, பின்விளக்குக்கு. மஞ்சள், இடது பிரேக்குக்கும் இடது இண்டிகேட்டருக்கும் சேர்த்து. பச்சை, அதேபோல வலதுக்கு. வெள்ளை, திரும்பி வரும் வழி. நம்மவர் வழக்கில் எர்த்.

மஞ்சளும் பச்சையும் ஆளுக்கு இரண்டு வேலை பார்ப்பதைக் கவனியுங்கள். டிரெய்லரில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு பல்ப்தான். பல ஜப்பானியக் கார்களில் இண்டிகேட்டர் தனி மஞ்சள் விளக்கு, பிரேக் தனிச் சிவப்பு விளக்கு. காரிலிருந்து வரும் சேதி மூன்று: இடது, வலது, பிரேக். டிரெய்லர் புரிந்துகொள்ளும் சேதி இரண்டு. நடுவில் மொழிபெயர்க்க உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்று வேண்டும், அதுதான் கன்வெர்ட்டர். பிரேக் மிதித்தபடியே இடதுபக்கம் திரும்பக் காத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வலது பல்ப் நிலையாக எரிய வேண்டும், இடது பல்ப் மின்ன வேண்டும். இரண்டு சேதியையும் வெறுமனே ஒட்டிவிட்டால் பிரேக் மின்சாரம் இண்டிகேட்டரை மூழ்கடித்துவிடும், இடதும் நிலையாகவே எரியும். பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்பப் போவது தெரியாது. இதற்கு மிக எளிய விதி ஒன்று உண்டு: பிரேக், இண்டிகேட்டர் இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் எரி, இரண்டும் வந்தால் அணை. பிரேக் நிலையாக இருக்க, இண்டிகேட்டர் வந்து வந்து போகும்போது பல்ப் தலைகீழாக அணைந்து அணைந்து எரியும். பார்ப்பவருக்கு மின்னுவது போலவே இருக்கும். இவ்வளவு சின்ன விதிக்குள் இத்தனை பெரிய பாதுகாப்பு இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்தப் பெட்டிக்கு ஏன் பேட்டரியிலிருந்து தனி வயர்? டிரெய்லரின் பழைய பாணி பிரேக் பல்ப் ஒன்று 2 ஆம்பியர் குடிக்கும். காரின் எல்இடி விளக்குக்கோ அதில் சிறு பங்கு போதும். இன்றைய காரில் ஒரு கணினி ஒவ்வொரு விளக்குக்கும் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று கண்காணிக்கிறது. அந்த வயரிலேயே டிரெய்லர் பல்ப்பையும் தொங்கவிட்டால் எங்கோ கோளாறு என்று எண்ணி விளக்கையே நிறுத்திவிடும். தனி வயர் இருந்தால் கார் வெறும் சைகை மட்டும் காட்டுகிறது, சுமையைப் பேட்டரி நேரடியாகத் தூக்குகிறது. அந்த வயரின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது தனக்குப் பின்னால் ஓடும் வயரைத்தான். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவழியில் வயர் உரசிக் காரின் இரும்பு உடலைத் தொட்டாலும் ஃபியூஸுக்குத் தெரியாது, வயர் தீப்பிடிக்கும். எல்லாம் மாட்டி முடித்த பிறகே ஃபியூஸைச் செருக வேண்டும்.

போன ஜூலையில் ஒரு சாயங்காலம் எல்லாம் மாட்டி முடித்தேன். நண்பன் டிரெய்லருக்குப் பின்னால் நிற்கிறான். இடது இண்டிகேட்டரைப் போட்டேன்.

"மச்சான், இடப்பக்கம் போட்டால் ரெண்டு பக்கமும் மினுங்குதடா."

"பிரேக்?"

"அதுவும் மங்கல். பேய் விளக்கு மாதிரி கிடக்கு."

வெள்ளை வயரைப் பெயிண்ட் அடித்த தகட்டின் மேல் திருகியிருந்தேன். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. டிரெய்லரின் ஒவ்வொரு பல்புக்குள்ளும் இரண்டு இழைகள், ஒன்று பின்விளக்கு, ஒன்று பிரேக். இரண்டுக்கும் எர்த் பொது. வெள்ளை வயர் அடைபட்டதும் இடது பிரேக் இழைக்குள் வந்த மின்சாரம் வேறு வாசல் தேடுகிறது. பக்கத்திலுள்ள பின்விளக்கு இழை வழியாகப் பழுப்பு வயருக்குள் புகுந்து, மறுபக்க பல்ப் வரை சுற்றிவிட்டு எப்படியோ திரும்புகிறது. வழியெல்லாம் விளக்குகள் அரைகுறையாக எரிகின்றன. டிரெய்லர் விளக்கு விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் வெள்ளை வயரைப் பாருங்கள்.

முழுக்க அறுந்தால்தான் தொல்லை என்றில்லை. துருப்பிடித்து அந்த வழியில் 1 ஓம் தடை மட்டும் சேர்ந்தது என்று வையுங்கள். பிரேக் மிதித்தால் இரு பல்ப்புகளின் மின்சாரமும் அந்த ஒரே வழியாகத் திரும்ப வேண்டும். 12.8 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 9.6 வோல்ட்தான் எஞ்சும். கால்பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் இழை பல்ப்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4 அடுக்காக மாறுகிறது. கணக்குப் போட்டால் வெளிச்சத்தில் 60 சதவீதம் போய்விடுகிறது. சில சமயம் வெள்ளை வயரே இல்லாமலும் எல்லாம் ஒழுங்காக எரியும், ஏனென்றால் ஹிட்ச் உருண்டையின் இரும்பு வழியாக மின்சாரம் திரும்பிவிடும். உருண்டையில் கிரீஸ் பூசியதும், ஒரு குழியில் குலுங்கியதும் தொடர்பு விட்டுப் போகும். அதை நம்பவே கூடாது. பெயிண்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் திருகி, மேலே கிரீஸ் தடவி மூடிவிட்டேன். இங்கே குளிர்காலச் சாலைகளில் உப்புப் போடுவதால் செம்புக் கம்பி ஒரே பருவத்தில் பச்சை பிடித்துவிடும்.

கடைசியாகக் கீழ்நோக்கிய அமுக்கம். மாட்டு வண்டிக்காரருக்கு இது தெரிந்த சங்கதி. முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை நசுக்கும், பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே நியாயம். வட அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சின் மேல் உட்கார வேண்டும் என்பது வழக்கம். மிஞ்சினால் என்னாகும்? உருண்டை பின் அச்சுக்குச் சுமார் 1.1 மீட்டர் பின்னால் இருக்கிறது, இரு அச்சுகளுக்கும் இடைவெளி சுமார் 2.7 மீட்டர். உருண்டையில் 68 கிலோ வைத்தால் நெம்புகோல் கணக்கில் பின் அச்சுக்கு 96 கிலோ ஏறுகிறது, முன் அச்சிலிருந்து 28 கிலோ இறங்குகிறது. ஸ்டீயரிங் பிடிப்பும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரங்களிடம் இருப்பதால் அந்த 28 கிலோ முக்கியம்.

குறைந்தால் இன்னும் கேடு. ஓடும் டிரெய்லர் சற்று இடப்பக்கம் விலகினால் அதன் டயர்கள் திரும்ப நடுவுக்குத் தள்ளும். நடுவைத் தாண்டி வலப்பக்கம் போகும், மறுபடி தள்ளும். மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சிறிதாகி அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்குவது குறைகிறது. ஒரு எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிறது, கடைசியில் காரையே சுழற்றிவிடும். பின்பாரம் அந்த எல்லை வேகத்தைக் கீழே இறக்குகிறது. ஜெர்மனியில் ஊருக்கு வெளியே டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவான வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்திருப்பதன் அருமை அப்போது புரியும். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்பினால் அதன் ஆட்டத்துக்கு நாமே தாளம் போட்டதாகிவிடும்.

இதை அளக்கக் குளியலறை எடைப் பலகை போதும். எங்கள் டிரெய்லர் 180 கிலோ, அதன் மேல் தோட்டத்தில் பதிக்க வாங்கிய கற்கள், ஒன்று 20 கிலோ வீதம் பதினாறு. மொத்தம் 500. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பலகைமேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினோம். உயரம் காரில் மாட்டும்போது இருக்கும் அதே உயரம். முள் 34 காட்டியது. 7 சதவீதம்கூட இல்லை. நான்கு கற்களைப் பின்னாலிருந்து ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூட, 60 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினோம். 80 கிலோவை 0.6 மீட்டர் நகர்த்தியிருக்கிறோம், மூக்குக்கும் அச்சுக்கும் தூரம் 2.4 மீட்டர், ஆகவே 20 கிலோ ஏற வேண்டும் என்று நண்பன் வாயாலேயே கணக்குச் சொன்னான். முள் 54-இல் போய் நின்றது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும், மூக்கு கழன்றாலும் தரையில் விழாமல் ஏந்திக்கொள்ளும்படி அடியில் குறுக்காக மாட்டிவிட்டுக் கிளம்பினோம்.