ஷாகுதோவுக்குப் புளி வேண்டாம்

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் பல் டாக்டர் ஒருவர் கோபமாக என் பட்டறைக்கு வந்தார். லண்டனில் பழைய உலோகப் பொருட்களைச் செப்பனிட்டுப் பாதுகாப்பது என் தொழில். டாக்டர் கையில் சின்ன மரப்பெட்டி. உள்ளே, ஜப்பானிய வாளின் கைப்பிடிக்கு இரு முனையிலும் போடும் அணிகள்: ஃபுச்சி, காஷிரா. ஏலத்தில் நல்ல விலை கொடுத்து எடுத்திருக்கிறார்.

"ஷாகுதோன்னு சொல்லி வித்தான் சார். பாத்தா கறுப்புப் பெயின்ட் அடிச்ச வெறும் செம்பு. நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க, திருப்பிக் குடுத்துடறேன்."

"கறுப்பு எப்படிப் போச்சு?"

கூட வந்திருந்த அவருடைய மாமியார்தான் பதில் சொன்னார். "பூஜைக்கு எல்லாத்தையும் தேய்க்கிறப்ப இதையும் தேச்சேன் தம்பி. அழுக்குப் புடிச்சுக் கெடந்துச்சு. புளியும் உப்பும் போட்டு, கொஞ்சம் பாத்திரப் பவுடரும் போட்டேன். எப்படிப் பளிச்னு ஆயிடுச்சு பாருங்க."

பளிச்சென்றுதான் இருந்தது, புதுச் செம்புக் குடம் மாதிரி. நடுவில் பதித்திருந்த பொன் சாமந்தி மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அது பூத்திருந்த இரவு போய்விட்டது.

கையடக்க எக்ஸ்ரே கருவியை வைத்துப் பார்த்தேன். செம்பு, கூடவே சுமார் நான்கு சதவீதம் தங்கம். விற்றவர் பொய் சொல்லவில்லை.

ஷாகுதோ என்பது செம்பில் சிறிதளவு தங்கம் கலந்த உலோகம். உருக்கி வார்த்ததும் சாதாரணச் செம்பு நிறத்தில்தான் இருக்கும். செதுக்கி முடித்தபின் எண்ணெய்ப்பசை போகத் துலக்கி, துருவிய முள்ளங்கிச் சாற்றில் தோய்த்து, ரொகுஷோ என்ற செம்புக் களிம்பும் மயில்துத்தமும் கரைத்த நீரில் கொதிக்க விடுவார்கள். அப்போது மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். உள்ளே கலந்திருக்கும் தங்கம்தான் அந்தப் படலத்துக்கு நீலமும் ஊதாவும் ஓடும் கறுப்பைத் தருகிறது. வெயிலில் திருப்பிப் பார்த்தால் காக்கையின் கழுத்து மாதிரி மின்னும். ஜப்பானியர் இதைக் காக்கைப் பொன் என்றும் சொல்வதுண்டு. வெறும் செம்பை அதே நீரில் போட்டால் இந்தக் கறுப்பு வராது, செம்பழுப்பாகத்தான் வரும். மூன்று பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்த்தால் ஷிபுயிச்சி. 'நாலில் ஒன்று' என்றே அதற்குப் பொருள், மழைமேகச் சாம்பல் நிறம் வரும். கறுப்பு, சாம்பல், செம்பழுப்பு, பொன், வெள்ளி என்று ஒரே தகட்டில் உலோகங்களை வைத்தே ஓவியம் தீட்டினார்கள். அந்த ஓவியத்தின் வண்ணம் முழுக்க இந்தப் படலத்தில் இருக்கிறது. புளியில் இருக்கும் அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைக்கும். நம் வீட்டுக் குடம் துலங்குவதும் அதனால்தான்.

மாமியாருக்கு நாகப்பட்டினம். அவர் முகம் வாடியதைப் பார்த்து ஒரு கதை சொன்னேன். டச்சுக் கம்பெனி நாகசாகியில் ஏற்றிய ஜப்பான் செம்பு, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் மூட்டை மூட்டையாக விற்றது. "அப்ப எங்க பாட்டி தேச்ச அண்டாவும் ஜப்பான் செம்பா இருக்கலாம்னு சொல்றீங்க" என்றார். மறுக்க முடியவில்லை.

இந்த அணிகள் இவ்வளவு பேர் கைக்கு எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். சாமுராய் ஆணுக்கு வேறு நகை கிடையாது, வாள்தான் நகை. கைக்காப்பான ட்சுபா, பிடியின் கட்டுக்குள் செருகும் மெனுகி, உறையோடு வரும் சிறுகத்தியின் பிடியான கொசுகா, இவையெல்லாம் தனித்தனிக் கலைகள். கோத்தோ யூஜோ (1440–1512) தொடங்கிய குடும்பம் பதினேழு தலைமுறை இதையே செய்தது. ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்களான ஷோகன்களுக்காக: முதலில் அஷிகாகா வம்சத்துக்கு, கடைசியில் தொகுகவா வம்சத்துக்கு. 1876 மார்ச்சில், ஷோகன்களுக்குப் பின் வந்த மெய்ஜி பேரரசரின் அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. படை, காவல் துறை போன்ற சிலருக்குத்தான் விலக்கு. ஒரே ஆணையில் ஒரு தொழில் முழுவதும் வாடிக்கையாளரை இழந்தது. அணிகள் வாளிலிருந்து கழன்று ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. கைவினைஞர்கள் அதே உளியைக் கொண்டு பூச்சாடி, தூபக்கலம், சிகரெட் பெட்டி செய்யத் தொடங்கினார்கள். ட்சுபா செதுக்கிய கானோ நட்சுவோ (1828–1898) ஒசாகா நாணயச் சாலையின் புது நாணயங்களுக்கு வடிவம் கொடுத்தார். எனக்குப் பிடித்தவர் அவர். அரை அங்குலத்தில் ஒரு மீனை நீந்த விட்டவர் இன்னொருவர் இருந்ததாக நான் நம்பவில்லை.

நட்சுவோ பெயர் பொறித்த ஒன்றை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் மட்டும் நான் நம்பிவிடுவதில்லை. புகழ்பெற்றவர்களின் பெயரைப் பொய்யாகப் பொறிப்பது தொகுகவா ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்திலேயே நடந்தது. இப்போது இணையத்தில் குவிவதோ அச்சில் வார்த்த நகல்கள். வாங்கும் முன் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும், பெயரைப் படிப்பதற்கல்ல. மீன் முட்டை மாதிரிச் சிறு மணிகள் நிரம்பிய பின்னணிக்கு நனாகோ என்று பெயர். குழிவான முனையுள்ள உளியால் ஒவ்வொரு மணியாக அடித்தது. நல்ல வேலையில் வரிசை பிசகாது, மணிகளுக்கு இடையிலான பள்ளம் கூராக இருக்கும். வார்ப்பில் பள்ளம் மழுங்கி, மணிகள் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒட்டிக் கிடக்கும். ட்சுபாவானால் நடுவில் வாள் நுழையும் துளையைப் பாருங்கள். பல வாள்களுக்கு மாற்றிப் பொருத்திய பழைய ட்சுபாவில் தட்டிய தடமும், இறுக்கமாய் உட்கார அடித்த செம்புத் துண்டும் பெரும்பாலும் இருக்கும்.  பெரிய விலை என்றால் டோக்கியோவில் 1948 முதல் இயங்கும் ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். நான் காகிதத்தைவிட லென்ஸை அதிகம் நம்புபவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கியபின் செய்ய வேண்டியது மிகக் குறைவு, கஷ்டமே அதில்தான். விரல் ரேகையின் உப்பு படலத்தை அரிக்கும், அதனால் விளிம்பைப் பிடித்து எடுத்து, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி வையுங்கள். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் பக்கத்தில் வரக்கூடாது. அவற்றின் கந்தகம் வெள்ளிப் பதிப்பைக் கருக்கும். இரும்பு ட்சுபாவில் செந்துரு மட்டும் வேண்டாதது. அடியிலிருக்கும் கரும்பழுப்பு நூற்றாண்டுகளின் சொத்து. ஜப்பானில் மான் கொம்பாலோ எலும்பாலோ செந்துருவை மட்டும் பொறுமையாகச் சுரண்டுவார்கள். துருநீக்கும் திரவத்தில் ஊறப்போட்டு வெளிறிய இரும்போடு என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது அதிகமில்லை.

டாக்டருக்கும் அதைத்தான் சொன்னேன். மறுபடி கறுப்பேற்றத் தெரிந்த கைகள் ஜப்பானில் இருக்கின்றன. ஆனால் பவுடர் மழுக்கிய நனாகோ மணி திரும்பாது, பழைய படலமும் திரும்பாது. அனுப்புவதா, அப்படியே வைப்பதா என்று நெடுநேரம் யோசித்தவர், கடைசியில் அப்படியே வைத்துக்கொண்டார். அது என்ன உலோகம், என்ன நடந்தது என்று எழுதிப் பெட்டியில் வைக்கச் சொன்னேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். கத்தரிக்கோல், கார் சாவி, டாக்டரின் பல் பிடுங்கும் குறடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஓரத்தில் அந்த மரப்பெட்டி, மூடியபடி. "பொட்டு மூடி மேலதான் வச்சேன் தம்பி" என்றார் மாமியார்.