கரும்புச் சக்கை மின்சாரமாகும் விதம்

கடலூர் சில்வர் பீச்சில் கரும்புச்சாறு விற்பவர் மூன்று முறை மடித்துப் பிழிந்து கீழே போடும் சக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தால் உலர்ந்தது போலத்தான் தோன்றும்; இறுகப் பிடித்தால் உள்ளங்கை பிசுபிசுக்கும். நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களின் சர்க்கரை ஆலைகளில் கனத்த உருளைகள் வரிசையாக நின்று, வெந்நீர் தெளித்துத் தெளித்துச் சாற்றைப் பிழிகின்றன. அங்கும் கடைசி உருளையிலிருந்து வெளிவரும் சக்கையின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீரே. ஒரு டன் கரும்பில் சர்க்கரை சுமார் 100 கிலோ கிடைக்கிறது என்றால், ஈரச் சக்கை சுமார் 300 கிலோ மிஞ்சுகிறது.

அந்த ஈரம் எளிதில் கடந்துபோகும் செய்தியன்று. முற்றிலும் காய்ந்த சக்கை கிலோவுக்குச் சுமார் 4,600 கிலோகலோரி வெப்பம் தரும். பாதி ஈரமுள்ள சக்கையில் அது 2,250 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதிலும் 300 கிலோகலோரிக்கு மேல், சக்கை தன்னுள் இருக்கும் அரைக் கிலோ நீரை ஆவியாக்கவே செலவழிகிறது. வெல்லம் காய்ச்சும் உழவர்கள் சக்கையை வெயிலில் பரப்பிக் காயவைத்த பின்னரே கொப்பரையின் அடியில் தள்ளுவதற்குக் காரணம் இதுதான்.

இரவும் பகலும் அரவை நடக்கும் ஆலையில் வெயிலுக்குக் காத்திருக்க இயலாது. ஆகவே, வெளியேறும் புகையின் சூட்டைக் கொண்டே காற்றை முன்கூட்டிச் சூடாக்கி உலைக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே வீசப்படும் சக்கை பறக்கும்போதே உலர்கிறது; நுண்ணிய தூள் அந்தரத்திலேயே எரிந்துவிட, கனமான நார் கீழேயுள்ள இரும்புத் தட்டில் விழுந்து எரிகிறது. இவ்வெப்பத்தில் ஒரு கிலோ சக்கைக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாக நீராவி கிடைக்கும்.

அந்த நீராவியின் அழுத்தத்தில்தான் இத்தொழில்நுட்பத்தின் உயிர் இருக்கிறது. பழைய கொதிகலன்கள் 20 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தமும் 340 டிகிரி செல்சியஸ் வெப்பமும் கொண்ட நீராவியைத் தந்தன. இன்றைய உயர் அழுத்தக் கொதிகலன்களோ 110 பார், 540 டிகிரி வரை செல்கின்றன. நீரைக் கொதிக்கவைப்பதற்கான பெருஞ்செலவு இரண்டிலும் இருப்பதால், கிலோ நீராவிக்குத் தேவைப்படும் கூடுதல் வெப்பம் ஏறத்தாழ 13 சதவீதம் மட்டுமே. ஆனால், 2.5 பார் அழுத்தத்துக்கு விரிந்து இறங்கும்போது, நீராவியால் சுழன்று மின்னாக்கியை இயக்கும் டர்பைனில் அது செய்யக்கூடிய வேலை ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஒரு டன் கரும்பின் சக்கையிலிருந்து 100 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்து, ஆலையின் தேவை போக மிஞ்சியதை மின்கட்டமைப்புக்கு அனுப்ப முடிவது இதனால்தான்.

டர்பைனை விட்டு வெளிவரும் அந்த 2.5 பார் நீராவியில் வெப்பத்தின் பெரும்பகுதி இன்னும் எஞ்சியிருக்கிறது. மின்சாரத்தை மட்டும் நோக்கமாகக் கொண்ட நிலையத்தில் இவ்வெப்பம் குளிர்நீரில் கரைந்து வீணாகும். சர்க்கரை ஆலைக்கோ சாற்றை வற்றவைக்க அதுவே தேவை. 100 கிலோ சாற்றில் 15 கிலோ திடப்பொருள் இருக்குமானால், அது 60 சதவீதப் பாகாக மாற 75 கிலோ நீர் ஆவியாக வேண்டும். வரிசையாக அமைந்த மூடிய கலங்களில் சாறு கொதிக்கிறது; முதல் கலத்தில் எழும் ஆவி, அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் உள்ள அடுத்த கலத்தைக் கொதிக்கவைக்கிறது. நான்கு கலங்கள் இருந்தால் ஒரு கிலோ நீராவி ஏறத்தாழ நான்கு கிலோ நீரை வெளியேற்றிவிடும். மனிதர் கண்ட சிக்கன வழிகளில் இதை மிக உயர்ந்த ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சக்கை எரிந்து வெளியேறும் கார்பன், கரும்பு வளர்ந்த பத்துப் பன்னிரண்டு மாதங்களில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே. இதே மாவட்டத்தில் நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரியின் கார்பனோ பல பத்து லட்சம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது. ஆயினும் சாம்பல் துகள் சாம்பல் துகளே. வடிகட்டும் சாதனம் பழுதான கொதிகலன் எதுவாயினும், சுற்றுப்புற வீடுகளின் மொட்டைமாடியில் உலரும் துணியில் கருமை படியத்தான் செய்யும்.

அரவைப் பருவம் முடிந்ததும் நிலை மாறுகிறது. மலையாகக் குவித்து வைத்த சக்கை நொதித்துத் தானே சூடேறும் என்பதால் அதைக் காவல் காத்து எரிக்க வேண்டும். தீர்ந்துவிட்டால் நிலக்கரி வாங்க வேண்டும். வற்றவைக்கச் சாறும் இல்லாத அம்மாதங்களில் டர்பைனை விட்டு வரும் நீராவி, அதைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கண்டென்சருக்கே செல்கிறது. எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மின்சாரமாகாமல், எஞ்சியதில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரத்தின் மேல் வெண்ணிற ஆவியாய் எழுந்து கலைகிறது.